கரை கட்டாத கன்னம்

அவளை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். பெயர் எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. மரியாதையாக ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. அவள் என்றே இருக்கட்டும்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பொம்மை ஷெட் இருந்தது. கொலுவுக்குப் போகிற களிமண் பொம்மைகள். பெரிய பொம்மைகளுக்கு வேறு ஆட்கள் உண்டு. எங்கள் பக்கம் கல்யாண செட். மாப்பிள்ளை, பெண், நாதஸ்வரக்காரர், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், எல்லாம் கட்டைவிரல் உயரம். நான் புடவைக்கும் வேட்டிக்கும் கலர் அடிப்பேன். முகம் அக்காவுடையது.

முகம் என்றால் கண்ணும் புருவமும் இல்லை. அதையெல்லாம் கை நடுங்காத யாரும் பழகிக்கொள்ளலாம். கஷ்டம் கன்னத்தில்தான். மேனிக் கலர் நன்றாகக் காய்ந்த பிறகு, அதன்மேல் தண்ணீராகக் கரைத்த ரோஸ் கலரை ஒரு பொட்டு வைத்து, கன்னத்து நடுவில் சிவப்பாகவும் காதுப் பக்கம் போகப் போக ஒன்றுமே இல்லாமலும் ஆக்க வேண்டும். சும்மா வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்றால், தண்ணீர் காயும்போது சாயம் முழுக்க ஓரத்துக்கு ஓடிவிடும். நடுவில் வெளுத்து, சுற்றிலும் ஒரு கோடு நிற்கும். தரையில் கொட்டிய டீ காய்ந்தால் நிற்குமே, அந்த மாதிரி. ஷெட்டில் அதைக் கரை கட்டுவது என்போம். கட்டைவிரல் உயர மாப்பிள்ளைக்குக் கன்னத்தில் கரை கட்டினால் படர்தாமரை வந்தவன் போல இருப்பான். அவனை யார் கொலுவில் வைப்பார்கள்?

அக்கா வைத்த கன்னம் கரை கட்டி நான் பார்த்ததில்லை. ஒரே கையில் இரண்டு பிரஷ் பிடித்திருப்பாள். ஒன்றில் கலர். அதையும் பழந்துணியில் ஒற்றி, பாதி ஈரத்தை எடுத்துவிட்டுத்தான் பொம்மையிடம் கொண்டுபோவாள். இன்னொன்று வெறும் ஈரம். கலரை வைத்த உடனே ஈர பிரஷ்ஷால் அதன் ஓரத்தைத் தொட்டு வெளியே இழுத்துவிடுவாள். ஓரம் எங்கே என்று சாயத்துக்கே தெரியாது. அது காய்ந்ததும் அதே மாதிரி இன்னொரு தடவை, இன்னும் மெல்லிசாக. ஒரே தடவையில் சிவப்பைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்கிற பேராசை அவளிடம் கிடையாது. ஈர பிரஷ்ஷை உதட்டில் வைத்து உறிஞ்சி உறிஞ்சி சுத்தம் செய்வாள். வெற்றிலை போடாதவள், ஆனால் உதடு எப்போதும் ரோஸாகவே இருக்கும்.

மேற்கே கல்வராயன் மலையிலிருந்து காற்று இறங்குகிற மாதங்களில் அவள் பாடு திண்டாட்டம். காற்று பட்டால் ஓரம் சீக்கிரம் காயும், கரை கட்டும். ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவாள். முதலாளி எங்களுக்காக வாங்கி வைத்த ஃபேனைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுவாள். நாங்கள் வேர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருத்தியும் முகம் சுளிக்க முடியாது. “காத்து உங்கள தேடிக்கினு தானா வரும் பாருங்க” என்று அவள் சொன்னால் அதற்குமேல் எப்படிச் சண்டை போடுவது?

அவள் பேச்சும் அந்த மாதிரிதான். ஒரு வார்த்தையை வைத்துவிட்டு, அது காய்வதற்குள் ஓரத்தை இழுத்துவிடுவாள். முதலாளி ஒருத்தியைத் திட்டினால், திட்டு முடிவதற்குள் இவள் நடுவில் புகுந்து, “அவரு இன்னிக்கி சாப்புடல, அதான்” என்பாள். அந்தப் பக்கம் போய், “புள்ள அழுதுச்சி பாவம், தப்ப உணந்துட்டா” என்பாள். அவரும் சமாதானம், இவளும் சமாதானம். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. திட்டு வாங்கியவளுக்கு நியாயம் கிடைத்ததா என்று நாங்கள் யாரும் யோசித்ததும் இல்லை. அக்கா இருக்கிற இடத்தில் சண்டையே வராது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

நான் காலனிப் பெண். ஷெட்டில் சேர்ந்த அன்றைக்குக் குடத்தடியில் தண்ணீர் குடிக்கப் போனேன். அக்கா ஓடிவந்து ஒரு டம்ளரை என் கையில் வைத்தாள். டம்ளரின் வெளிப்பக்கம் பெயின்ட்டில் ஒரு சின்ன ரோஜாப்பூ. “இது உனுக்குன்னே வெச்சேன் செல்வி. வேற யாரும் தொட மாட்டாங்க” என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. சேர்ந்த முதல் நாளே இவ்வளவு பாசமா என்று வீட்டில் போய்ச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். என் தம்பிதான், “உங்கூட வேல பாக்கற மத்தவங்க டம்ளர்ல பூ இருக்குதா?” என்று கேட்டான். காலனியிலிருந்து வந்த இன்னொரு பெண்ணின் டம்ளரில் மட்டும் இருந்தது. அவளுடையது மல்லிகைப்பூ.

தனி டம்ளர் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். அவள் சொன்ன விதத்தில் அதிலேயே வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்தேன்.

சாவுச் சேதி சொல்லவும் அவளைத்தான் அனுப்புவார்கள். எலவனாசூர்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒருத்தியின் அம்மா செத்துப்போனாள். ஊரிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. அக்கா அவளிடம் போய், “அம்மாவுக்கு கொஞ்சம் மேலுக்கு முடியலயாம். பயப்படறதுக்கு ஒண்ணியும் இல்ல, ஒரு எட்டு பாத்துட்டு வா” என்றாள். அந்தப் பெண் வழியில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். தெருமுனையில் பறைச்சத்தம் கேட்டிருக்கிறது. பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் நின்றதை அவள் பிறகு எங்களிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், “பஸ்சுல போற வரைக்குமாவது அழுவாம போனா இல்ல” என்றுதான் சொன்னாள்.

தன் விஷயத்திலும் அவள் அப்படித்தான். கட்டினவன் என்றைக்கோ விட்டுவிட்டுப் போய் வேறொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். ஊர் முழுக்கத் தெரியும். அவளைக் கேட்டால், “வேல விஷயமா வெளியூர் போயிருக்காரு” என்பாள். முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம் அவள். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருந்தார்கள், சாப்பாடு அவர்கள் வீட்டில். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது எனக்கும் தெரியும். இதைப் படிக்கிறவர்கள் என்னிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டாம்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. உளுந்தூர்பேட்டை ரோடு நெடுக புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பால் வண்டி இல்லை. அவர்கள் கேட்டது நியாயம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். படிக்க வசதியில்லாத ஜனம் படிக்கவும் வேலைக்குப் போகவும் வழி கேட்டது. சுடப்பட்டுச் செத்தவர்களும் உண்டு. என் வயிற்றெரிச்சல் அவர்கள்மேல் இல்லை.

முதலாளி அவர்களில் ஒருத்தர். ஷெட் வாசலில் கொடி கட்டி, மறியலுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர். ஆனால் நவராத்திரி நெருங்கிவிட்டது. சரக்கு முழுக்க வைக்கோல் சுற்றி ஷெட்டில் கிடந்தது. உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி முடங்கி நின்றது. மறியலை முடித்துக்கொண்ட அடுத்த நிமிஷம் அது மெட்ராஸுக்குக் கிளம்பிவிடும். அதற்குள் சரக்கை ஊர்ப்பாதையாகக் கொண்டுபோய் அதில் ஏற்றிவிட்டால் வருஷத்துப் பிழைப்பு தப்பிக்கும். தன் சாதி ஆட்களை அனுப்பினால் அசிங்கம். மறியலுக்குச் சோறு போட்டவனே மறியலை உடைத்தான் என்று ஆகிவிடும். அதனால் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பியைக் கூப்பிட்டு, தன் டிராக்டரில் சரக்கைக் கொண்டுபோகச் சொன்னார்.

தம்பிக்கு அப்போது அரசாங்க பஸ்ஸில் டிரைவர் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்திருந்தது. எங்கள் காலனியில் அப்படி ஒரு கார்டு வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா அதை மஞ்சள் தடவி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். இப்போது முதலாளி சொன்னதைத் தட்டினால் நன்னடத்தைச் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டாரே என்றுதான் அவன் சரி என்றான்.

முதலாளி சொன்னபோது ஷெட்டில் இருந்தது மூன்று பேர். அவர், தம்பி, சற்றுத் தள்ளி உட்கார்ந்து கன்னம் வைத்துக்கொண்டிருந்த அக்கா. சாயங்காலம் குழாயடியில் அவளே என்னிடம், “உன் தம்பி மேல மொதலாளிக்கி எத்தினி நம்பிக்க பாரு செல்வி. டிராக்டரயே தூக்கிக் குடுத்து அனுப்பறாரு” என்றாள். என்னை சந்தோஷப்படுத்துவதற்காகச் சொன்னாள். அவள் வாயால் நான் கேட்டது அது.

எலவனாசூர்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஏரிக்கரையில் தம்பியைப் பிடித்துவிட்டார்கள். டிராக்டரை வாய்க்காலில் கவிழ்த்தார்கள். கல்யாண செட் முழுக்கச் சேற்றில். காலனிக்காரன் மறியலை உடைக்க வந்துவிட்டான் என்று உருட்டுக்கட்டையால் அடித்ததில் அவன் முழங்கால் நொறுங்கியது. யார் அனுப்பினது என்று கேட்டிருக்கிறார்கள். முதலாளி பெயரைச் சொன்னான். அவர்கள் ஆளனுப்பி முதலாளியைக் கேட்டபோது, அவர் கொடிக் கம்பத்தடியில் நின்றுகொண்டு, “எனுக்கு ஒண்ணியும் தெரியாது. சாவிய திருடிக்கினு போயிட்டான்” என்று சொல்லிவிட்டார். அதையே போலீஸிலும் சொன்னார். தம்பிமேல் திருட்டுக் கேஸ் ஆனது. திருட்டுக் கேஸ் உள்ளவனுக்கு எந்த அரசாங்கம் பஸ் கொடுக்கும்?

நான் அக்காவின் காலில் விழவில்லை. ஆனால் விழுகிற மாதிரிதான் நின்றேன். எங்களுக்காகப் பரிந்து பேச வேண்டாம், கேட்ட ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், ‘போ என்று அவர்தான் சொன்னார்’ என்று சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ ஏன் அழுவுற? நான் பாத்துக்கறேன். யாருக்கும் நோவாம சொல்றேன்” என்றாள். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் என் கையை உருவிக்கொண்டேன்.

விசாரிக்க ஷெட்டுக்கே இன்ஸ்பெக்டர் வந்தார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டு எழுந்து நின்றோம். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பி சொன்னது சரியா என்று இன்ஸ்பெக்டர் அக்காவைக் கேட்டார்.

“மொதலாளி அன்னிக்கி ரொம்ப வெசனத்துல இருந்தாருங்க” என்று ஆரம்பித்தாள். “பொம்ம போய்ச் சேரணுமேன்னு சொல்லிக்கினு இருந்தாரு. எல்லாருக்கும்தான் அந்தக் கவல. இந்தப் புள்ளயும் நல்ல புள்ளதாங்க, வேலன்னா முந்திக்கினு வந்து நிப்பான். அவரு ஒண்ணு நெனச்சி சொல்லியிருப்பாரு, இவன் ஒண்ணு நெனச்சி எடுத்துக்கினு இருப்பான். யாரு மேலயும் தப்புன்னு சொல்ல முடியாதுங்க.”

“போன்னு சொன்னாரா, சொல்லலியா? அத மட்டும் சொல்லும்மா.”

“நான் வேலயில இருந்தேங்க. பாதி காதுல உழும், பாதி உழாது.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். என்ன எழுதுவது என்று பக்கத்தில் நின்ற ஏட்டு கேட்டதற்கு, “தெரியாதுன்னு எழுதுய்யா” என்றார். முதலாளி டீ வரவழைத்தார்.

அவர்கள் போனதும் அக்கா நேராக என்னிடம்தான் வந்தாள். அவள் முகத்தில் இருந்த திருப்தியை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். கஷ்டமான வேலையை நன்றாக முடித்துவிட்டவளின் முகம். “பாத்தியா? உன் தம்பிய ஒரு வார்த்த கொறவா சொன்னேனா? நல்ல புள்ளன்னு போலீசு எதிர்லயே சொன்னேன்” என்றாள். பயந்துபோய்ப் பொய் சொன்னவள் என்றால் மன்னித்திருப்பேன். பயம் எல்லோருக்கும் உண்டு. இவள் எனக்கு நல்லது செய்துவிட்டதாகவே நம்பினாள். அவள் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்பதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது.

கோர்ட்டிலும் அதே கதை. தம்பியின் வக்கீல் கேட்டார், எதிர்ப்பக்கத்து வக்கீல் கேட்டார், கடைசியில் மாஜிஸ்ட்ரேட்டே பொறுமை இழந்து கேட்டார். மூன்று பேருக்கும் மூன்று விதமாக, மூன்று பேரும் மனம் நோகாதபடி பதில் சொன்னாள். தம்பிக்குச் சிறை. வெளியே வந்தபோது இன்டர்வியூவும் போயிருந்தது, காலும் போயிருந்தது. மறியல் நடத்தியவர்களுக்குக் கேட்டது கிடைத்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். போகட்டும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே கார்டை அம்மா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுக்கவே இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்துபோன மறுநாளே நான் ஷெட்டை விட்டிருந்தேன். நான் போனதற்கு அக்கா எல்லோரிடமும் சொன்ன காரணம், செல்விக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்பது. யாரும் யாரிடமும் கோபப்பட்டதாக இருக்கக் கூடாதே. நான் தியாகதுருகம் பக்கம் ஜவ்வரிசி மில்லில் கிழங்கு உரிக்கப் போய்விட்டேன்.

தம்பி மலையேறிவிட்டான். வெள்ளிமலையில் ஒருத்தரிடம் ஜீப் ஓட்டினான். நொண்டிக் காலோடு அந்த வளைவுகளில் எப்படி ஓட்டினானோ தெரியாது. கீழே இறங்கி வரவே பிடிக்கவில்லை அவனுக்கு. பஸ் ஸ்டாண்டில் காக்கிச் சட்டை போட்ட டிரைவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அங்கே சாராயத்துக்குக் குறைவில்லை. பொண்டாட்டி பிள்ளை என்று ஒன்றும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை. வயிறு வீங்கி, ரத்தமாக வாந்தி எடுத்தவனை என் வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். மாசக்கணக்கில் கிடந்தான். வலி பொறுக்காமல் அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டில் போய்ப் படுத்தார்கள்.

அவன் போய்ச் சில வருஷம் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். அக்கா. நரைத்துச் சுருங்கிப்போயிருந்தாள். முதலாளி செத்துவிட்டாராம், பிள்ளைகள் ஷெட்டை விற்றுவிட்டார்களாம், இப்போது வடக்கனந்தலில் அண்ணன் மகள் வீட்டில் இருக்கிறாளாம். அந்தப் பெண் தன்னைத் தங்கமாகத் தாங்குகிறாள் என்றாள். கையில் மருந்துப் பையோடு தனியாக நின்றிருந்தாள், செருப்பு அறுந்திருந்தது.

நலம் விசாரிக்கிற மனசு எனக்கு இல்லை. இத்தனை வருஷமாக அடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “அன்னிக்கி மொதலாளி போன்னு சொன்னாரா இல்லியா?”

இந்தத் தடவையும் அவரைப் பற்றி, காலத்தைப் பற்றி, யார்மேலும் தப்பில்லை என்பதைப் பற்றி ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

“சொன்னாரு. சாவிய அவன் கையில அவருதான் குடுத்தாரு. நான் கண்ணால பாத்தேன்.”

அவ்வளவு சுலபமாக வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பதில் கிடைத்தால் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். கிடைத்தபோது அவளை அங்கேயே அறைந்துவிடலாம் போல இருந்தது. முதலாளியும் இல்லை, கோர்ட்டும் இல்லை, நோவதற்கு ஆள் யாரும் மிச்சமில்லாதபோது உண்மையைச் சொல்ல இவளுக்கு என்ன கேடு?

“தம்பி எப்பிடி இருக்கான்?” என்றாள்.

“செத்துட்டான்.”

அவள் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அவன் எப்படிச் செத்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. “அழுவாத செல்வி. இந்தக் காலத்துல இருந்து என்ன கண்டோம். கெடையில கெடக்காம, கஷ்டப்படாம போய்ச் சேந்தானே புண்ணியவான், அது...”

“கஷ்டப்பட்டுத்தான் செத்தான்” என்றேன்.

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. அடுத்து என்ன சொல்வாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் வரவில்லை. என் கையை விட்டாள். வடக்கனந்தல் பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கத்தினார், அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. என் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன்.